'ஷாம்பெர்த்தேன்' என்ற பெயருள்ள இரண்டு ஒயின்களுக்கு ஏன் இவ்வளவு விலை வேறுபாடு?

கேள்வி:
பிரான்சின் பர்கண்டிப் பகுதி ஒயின்களைப் பற்றி இப்போதுதான் அறியத் தொடங்கியிருக்கிறேன். 'ழெவ்ரே-ஷாம்பெர்த்தேன்' என்று அச்சிட்ட புட்டியும், வெறுமனே 'ஷாம்பெர்த்தேன்' என்று அச்சிட்ட புட்டியும் ஒரு கடையில் அருகருகே இருந்தன. இரண்டும் சிவப்பு ஒயின். அறுவடை ஆண்டும் ஒன்றே. ஆயினும் இரண்டாவதன் விலை பன்மடங்கு அதிகம். திராட்சை வகை வேறா, தயாரிப்பு முறை வேறா?

பதில் 1:
திராட்சை ஒன்றுதான், பினோ நுவார். வேறுபடுவது நிலம். ஷாம்பெர்த்தேன் என்பது ழெவ்ரே கிராமத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 13 ஹெக்டேர் பரப்பே உள்ள ஒரு தோட்டம். 'கிராண்ட் க்ரூ' என்னும் உச்சத் தரத்தைச் சேர்ந்தது. அதன் புகழில் தனக்கும் பங்கு வேண்டும் என்று நினைத்த கிராமம், 1847-இல் அந்தப் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எனவே நீளமான பெயர் ஊருக்குரியது, குறுகிய பெயர் தோட்டத்துக்குரியது. பூலிஞி, ஷாசாஞ் ஆகிய ஊர்களும் 1879-இல் இப்படியே 'மோன்ராஷே' என்ற தோட்டத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டன. அத்தோட்டம் இரண்டு ஊர் எல்லைகளிலும் பரவியிருப்பதால் விட்டுக்கொடுக்க இருவருக்குமே மனம் வரவில்லை போலும்.

பதில் 2:
நிலம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயர்தரத் தோட்டங்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கிய சரிவின் நடுப்பகுதியில் இருக்கின்றன. அங்கே சுண்ணாம்புக்கல் மீது மண் மெல்லியதாகப் படிந்திருப்பதால் மழைநீர் தேங்குவதில்லை, காலை வெயிலும் நேராக விழுகிறது. சமவெளியை நெருங்க நெருங்க மண் ஆழமாகி ஈரம் தங்கிவிடுவதால் பழச்சாற்றின் செறிவு குறைகிறது.

பதில் 3:
மேற்கண்டவை சரியே, ஆனால் தரப்பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம் என்பேன். சிஸ்டெர்சியன் என்னும் கிறித்தவத் துறவிகள் மதில் எழுப்பிப் பேணிய க்ளோ த வூஜோ என்ற தோட்டம், பிரெஞ்சுப் புரட்சியின்போது பறிமுதலாகி, பிற்காலத்தில் துண்டு துண்டாக விற்கப்பட்டது. இன்று அந்த 50 ஹெக்டேரில் சுமார் 80 உரிமையாளர்கள் இருக்கிறார்கள். மேட்டில் மாளிகையை ஒட்டிய நல்ல நிலத்தின் ஒயினும், கீழே நெடுஞ்சாலையை ஒட்டிய ஈரக் களிமண்ணின் ஒயினும் ஒரே கிராண்ட் க்ரூ பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. அக்கறையுள்ள விவசாயி ஒருவரின் ஊர்ப்பெயர் ஒயின், அலட்சியமாகச் செய்யப்பட்ட கிராண்ட் க்ரூவை மிஞ்சிவிடுவதுண்டு. ஆகவே லேபிளில் தோட்டத்தின் பெயரைப் படித்த கையோடு, அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் தயாரிப்பாளரின் பெயரையும் பாருங்கள்.