வேலை முடிந்தபின் கட்டுரை எழுதிச் சம்பாதிக்கலாமா?

கேள்வி (செந்தூல்):
வணக்கம். பகலில் ஜாவா மொழியில் பேக்எண்ட் (சர்வர் பக்க நிரல்) எழுதும் வேலை. இரவில் தொழில்நுட்பக் கட்டுரை எழுதிக் கூடுதல் வருமானம் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

பதில் (பட்டர்வொர்த்):
தம்பி, முதலில் உங்கள் பெயரில் ஓரிரு கட்டுரை வெளியே இருக்கட்டும். போன வாரம் எந்தப் பிழையோடு மல்லுக்கட்டினீர்களோ அதையே எழுதுங்கள்: வந்த எர்ரர் வரி, மாற்றிய கான்ஃபிக் (அமைப்பு), கடைசியில் ஓடிய நிரல். எனக்கு முதல் காசு தந்தது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் பற்றிய கட்டுரைதான். அப்புறம், சொல்லுக்கு இவ்வளவு என்று விலை பேசாதீர்கள். நிரலை ஓட்டிச் சரிபார்க்கவே பாதி நேரம் போய்விடும்.

பதில் (பிரிக்பீல்ட்ஸ்):
வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க நிறுவனம் என்றால், நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று வரிக்காக உறுதி சொல்லும் டபிள்யூ-8 பிஇஎன் பாரம் கேட்பார்கள். தொடர்ந்து எழுதினால் மலேசிய வருமான வரி வாரியத்துக்கு, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கான பிஇ பாரத்துக்குப் பதில், தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான பி பாரம் அனுப்ப வேண்டும்.

செந்தூல்:
நன்றி அண்ணா, அக்கா. ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் படிக்கிறேன்.