முட்டிவலிக்கு சீன மருந்து எடுத்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

ஈப்போ பொண்ணு

அம்மாவுக்கு 67 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. கவர்மெண்ட் கிளினிக்ல குடுத்த வலி மாத்திரை வயித்த புண்ணாக்கிடுச்சு. பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் ஓல்ட் டவுன்ல இருக்கற சின்சே (சீன வைத்தியர்) கடைக்கு கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு கையிலயும் மூணு விரல் வச்சு நாடி பாத்தாரு, நாக்க நீட்டச் சொன்னாரு, "ஆங்கின்"னாரு, மலாய்ல காத்துன்னு அர்த்தம். அம்மா உடனே "வாய்வுதான்டி, நான் சொன்னேன்ல"ன்னாங்க. அந்த எடத்துலயே அவங்களுக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

மூணு கிண்ணம் தண்ணி ஊத்தி ஒரு கிண்ணமா சுண்டக் காய்ச்சணும், மண்சட்டிலதான். அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நான் சொல்ல வந்தது வேற.

கடைக்காரர் சின்ன கோல்தராசுல நிறுத்து காகிதத்துல பரப்பிட்டு இருந்தாரு. ஒரு பட்டைய ஒடிச்சுக் காட்டினாரு, உள்ள வெள்ளையா பட்டுநூல் மாதிரி இழை இழுக்குது, அதுதான் டு சோங்காம். நான் ஆசையா பாத்துட்டு இருக்கேன், அடுத்து ஒரு டிராயர்லேர்ந்து பழுப்பா, தட்டையா, சுருண்ட நாடா மாதிரி ஒண்ண எடுத்து வச்சாரு. என்ன அங்கிள்னு கேட்டேன். மெதுவா "சாச்சிங்"னாரு. மண்புழு.

எங்கம்மா வள்ளலார் வழி, 20 வருஷத்துக்கு மேல முட்டைகூட தொட்டதில்ல. அவங்க அப்போ கடை வாசல் நாற்காலில உக்காந்து முட்டிய தடவிட்டு இருந்தாங்க. நான் சொல்லல. பொட்டலத்த வாங்கிட்டு வந்து காய்ச்சிக் குடுத்தேன். மூணு வாரத்துல கோயில் படி ஏறுனாங்க. "அந்தக் கஷாயம்தான்டி என்ன நடக்க வச்சுது"ன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. ஒவ்வொரு தடவ அவங்க சொல்லும்போதும் எனக்கு அந்த டிராயர்தான் ஞாபகம் வருது.

ஜொகூர்காரன்

சகோதரி, உங்க அம்மாவுக்கு நல்லது நடந்துச்சு, சந்தோஷம். எங்க மாமாவுக்கு நடந்தத கேளுங்க, அப்புறம் சீன மருந்து பக்கமே போக மாட்டீங்க. பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தைல) யாரோ வித்த கறுப்பு உருண்டை, பாட்டில்ல சீன எழுத்து மட்டும்தான். மூணே நாள்ல வலி போச்சு. லாரி ஓட்டறவரு, அவருக்கு அது தெய்வம் மாதிரி. நாலு மாசம் விடாம சாப்பிட்டாரு. தைப்பூசத்துக்கு எல்லாரும் பத்துமலைல கூடுனப்ப மாமா முகம் நல்லா உருண்டையா பளபளன்னு இருந்துச்சு, நாங்க எல்லாம் "உடம்பு தேறிடுச்சு மாமா"ன்னு கன்னத்த புடிச்சு சந்தோஷப்பட்டோம். நான்தான் போட்டோ எடுத்தேன். அடுத்த மாசம் மருந்து தீந்துடுச்சு, அவன் கடையக் காணோம், அஞ்சாறு நாள்ல மாமா அடுப்படில சுருண்டு விழுந்தாரு. ஆஸ்பத்திரில சொன்னாங்க, உருண்டைல ஸ்டெராய்டு கலந்திருக்கு, உடம்பு தானா சுரக்கறத நிறுத்திடுச்சு, திடீர்னு விட்டதால இப்படின்னு. அந்த உருண்டை முகமே ஸ்டெராய்டோட அடையாளமாம். நாங்க கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கோம். போட்டோ இன்னும் போன்ல இருக்கு, அழிக்கவும் மனசு வரல, பாக்கவும் முடியல.

தேக்கா அண்ணன்

ஜொகூர் தம்பி, மாமாவுக்கு நடந்தது கொடுமை. ஆனா அது சீன மருந்து இல்ல, சீன மருந்துன்னு பேர் ஒட்டுன ஆங்கில மருந்து. சிங்கப்பூர்லயும் சுகாதார அறிவியல் ஆணையம் இதப் பத்தி திரும்பத் திரும்ப எச்சரிச்சிட்டே இருக்கு, மூட்டுவலி மாத்திரைல டெக்ஸாமெதசோன்ங்கற ஸ்டெராய்டு கலந்திருக்குன்னு. மூணு நாள்ல வலி பறந்தா அங்கயே சந்தேகப்படணும். மூலிகை அவ்வளவு வேகமா வேலை செய்யாது.

எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்குனவரு. நான் இங்க இருக்கற தோங் சாய் சீன வைத்தியசாலைக்கு கூட்டிட்டுப் போனேன். 1867ல ஆரம்பிச்ச எடம், இனம் மதம் பாக்காம எல்லாருக்கும் வைத்தியம். பெரியவர் ஒருத்தர் உக்காந்திருந்தாரு, அவருக்கு இங்கிலீஷ் சரியா வராது, அப்பாவுக்கும் வராது, ரெண்டு பேரும் பழைய பாசார் மலாய்ல பேச ஆரம்பிச்சாங்க. "சாக்கிட் மானா?" (எங்க வலிக்குது?) "சினி, சினி." (இங்க, இங்க.) நான் நடுவுல தேவையே இல்லாம நின்னேன். ரெண்டு மாசம் மருந்து குடுத்தாரு, வீக்கம் கொஞ்சம் குறைஞ்சுது, வலி முழுசா போகல. மூணாவது மாசம் அவரே எக்ஸ்ரே படத்த வாங்கிப் பாத்துட்டு, எலும்பு எலும்போட உரசுது, இதுக்கு என் மருந்து பத்தாது, ஆஸ்பத்திரில முட்டி மாத்திக்கோன்னு சொன்னாரு. நாலு வருஷமா பெத்த புள்ளைங்க சொல்லிக் கேக்காத மனுஷன் அவர் சொல்லிக் கேட்டாரு. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு டப்பா ஆரஞ்சுப் பழத்தோட அவரப் பாக்கப் போனோம்.

வார்டு சிஸ்டர்

எங்க வார்டுல ஒரு பாட்டி, இதயத்துக்கு வார்ஃபரின்னு ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்க, முட்டிவலிக்கு மகன் வாங்கிட்டு வந்த சீனக் கஷாயத்தையும் சேத்து குடிச்சிருக்காங்க. பல் ஈறுலேர்ந்து ரத்தம் நிக்கல, தலையணை உறை முழுக்க. கஷாயத்துல டாங் குய்ங்கற சீன வேர் இருந்துச்சு. என் கதை அவ்வளவுதான்.

ஆனா எல்லாரும் கேளுங்க. முட்டிக்கு அதிகமா குடுக்கற கஷாயம் டு ஹுவோ ஜி ஷெங் தாங், தாங் வம்சத்து சுன் சிமியாவோ சொன்னது, 15 சரக்கு. அதுலயே டாங் குய்யும் அதிமதுரமும் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர கேக்காம டாங் குய் எடுக்கக் கூடாது. அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டா பிரஷர் ஏறும். ஈப்போ பொண்ணு, அம்மாவுக்கு பிரஷர் இருக்கா, பாத்தீங்களா? அடுத்தது சுவான் வூ, சாவ் வூ. நம்ம சித்த மருத்துவத்துல நாவின்னு சொல்றாங்களே, அந்த இனம். வாதத்துக்கு குடுப்பாங்க, விஷம். சுத்தி பண்ணி, ரொம்ப நேரம் கொதிக்க வச்சாதான் விஷம் முறியும். நேரமில்லன்னு அரை மணில எறக்கிட்டா நாக்கு மரத்துப் போகும், அப்புறம் நெஞ்சு துடிப்பு தப்பும். நாக்கு மரத்தா நாளைக்கு பாக்கலாம்னு படுக்காதீங்க, நேரா எமர்ஜென்சி. அடுத்தது ஃபாங் ஜி. அந்தப் பேர்ல ரெண்டு வேர் இருக்கு, ஒண்ணு நம்ம ஆடுதீண்டாப்பாளை இனம், சிறுநீரகத்த அழிச்சிடும். 1990கள்ல பெல்ஜியத்துல உடம்பு இளைக்கற மாத்திரைல இது மாறிப் போய் நிறைய பொம்பளைங்களுக்கு கிட்னி போச்சு. மலேசியால பாட்டில் மருந்து வாங்குனா மால் (MAL) நம்பர், அதாவது அரசாங்கப் பதிவு எண் பாருங்க, கடைசில டி (T) எழுத்து இருந்தா பாரம்பரிய மருந்து, ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும். ஆஸ்பத்திரிக்கு வரும்போது பொட்டலத்தயும் எடுத்துட்டு வாங்க, நாங்க திட்ட மாட்டோம். மறைச்சாதான் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

மூலிகைப் பித்தன்

சிஸ்டர் பயமுறுத்தறது அதிகம். கோடிக்கணக்கான பேர் குடிக்கறாங்க. ஈப்போ பொண்ணுக்கு ஒண்ணு சொல்றேன், அந்த மண்புழுவுக்கு சீனப் பேரு டி லோங், பூமி டிராகன்னு அர்த்தம். நம்ம சித்தர்கள் மண்புழுவ பூநாகம்னு சொன்னாங்க. அவங்க டிராகன்னாங்க, நாம நாகம்னோம். நம்ம முன்னோர் மருந்துலயும் இருக்கறதுதான், மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. அதே மாதிரி நியு ஷீன்னு முட்டிக்கு போடறது நம்ம நாயுருவி இனம்தான். எனக்கு அதுதான் கேட்டுச்சு, குளிர்ல வர்ற வலிக்கு ரெண்டு மாசம்.

வார்டு சிஸ்டர்

பித்தன் சார், பூநாகம்னு பேர் மாத்துனா அந்த அம்மாவோட விரதம் மாறிடுமா? சித்த வைத்தியராவது என்ன போடறேன்னு சொல்லிட்டுதான குடுப்பாரு. கோடிப் பேர் குடிக்கறாங்கன்னா கோடிப் பேர்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு வார்டுல நிக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

ஹுபெய்ல படிச்சவன்

நான் சீனாவுல எம்பிபிஎஸ். அங்க மேற்கத்திய டாக்டரும் மூலிகை மாத்திரை எழுதறாங்க, நம்ம ஊர் மாதிரி தனித்தனி இல்ல. முடக்குவாதத்துக்கு லெய் கோங் தெங், இடிக்கடவுள் கொடின்னு அர்த்தம், நிஜமாவே வேலை செய்யற மருந்து, ஆராய்ச்சியும் இருக்கு. ஆனா மாதவிலக்கு நின்னுடும், ஆம்பளைங்களுக்கு விந்தணு குறையும், ஈரல் பாதிக்கும். ஒரு நாள் ஓபில ஒரு பொண்ணு, என் வயசுதான் இருக்கும், காலைல பேனா மூடிகூட திறக்க முடியலன்னு விரல நீட்டிக் காட்டுச்சு. பேராசிரியர் மருந்து எழுதி முடிச்சிட்டு, சும்மா கேக்கற மாதிரி, கல்யாணம் ஆயிடுச்சான்னாரு. வசந்த விழாவுக்கு அப்புறம்னு அது சிரிச்சுச்சு. அவர் பேனாவ எடுத்து எழுதுனத அடிச்சாரு. அந்த ஒரு கேள்விய கேக்க மறந்திருந்தா? நான் இப்ப தஞ்சாவூர்ல பிராக்டிஸ் பண்றேன், மூட்டுவலின்னு யார் வந்தாலும் அத கேக்காம எழுதறதில்ல.

ஈப்போ பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர், பிரஷர் செக் பண்ணேன், கொஞ்சம் கூடத்தான் இருக்கு, டாக்டர்கிட்ட பொட்டலத்தோட போறேன்.

நேத்து கடைக்குப் போய் சாச்சிங் வேணாம் அங்கிள்னேன். அவர் ஏன்னு கேக்கல, இடுக்கியால ஒவ்வொண்ணா பொறுக்கி டிராயர்ல திருப்பிப் போட்டாரு. அதுக்குப் பதிலா வேற ஒரு கொடி வச்சு காகிதத்த மடிச்சாரு. சாயங்காலம் காய்ச்சிக் குடுத்தேன். அம்மா பாதி குடிச்சிட்டு கிண்ணத்த மோந்து பாத்தாங்க.

"என்னடி, இந்தத் தடவ அந்தக் கவுச்சி வாடையே இல்ல?"

மருந்து மாத்திட்டாங்கம்மான்னு மட்டும் சொன்னேன். கிண்ணத்த வாங்கிக் கழுவப் போயிட்டேன்.