மினி கூப்பர் எஸ் ஆர்53: 900 பவுண்டில் முதலில் இன்டர்கூலரா, புல்லியா, ட்யூனா?

கவென்ட்ரி மினி:
எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2005 மினி கூப்பர் எஸ், ஆர்53. 1.6 லிட்டர், சூப்பர்சார்ஜர் (எஞ்சின் பெல்ட்டால் சுற்றி, காற்றை உள்ளே தள்ளும் கருவி), 170 குதிரைத்திறன், 94,000 மைல் ஓடியது. போன வருஷம் வாங்கினேன். வேலைக்குப் போக வர தினமும் 40 மைல். ட்ராக் பக்கம் போகிற உத்தேசம் இல்லை.

காலைக் குளிரில் மூன்றாவது கியரில் மிதித்தால் சீறிக்கொண்டு போகிறது. சாயங்காலம் ரிங் ரோடு நெரிசலில் பத்து நிமிஷம் ஊர்ந்துவிட்டு வெளியே வந்து மிதித்தால் சத்தம் மட்டும்தான் வருகிறது, இழுவை இல்லை. உள்ளே போகும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் எஞ்சின் தலைமேலேயே உட்கார்ந்திருப்பதால் சூடு முழுக்க அதில் ஏறுகிறது என்று படித்தேன். அதனால் பெரிய இன்டர்கூலர், 15 சதவீதம் சின்ன புல்லி (சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும் பெல்ட் சக்கரம்), ஒரு ட்யூன் (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவது), மூன்றையும் செய்யலாம் என்று ஆசை. கையில் 900 பவுண்டு. மூன்றுக்கும் பத்தாது. எதை முதலில் செய்வது? பம்பர் பக்கம் வைக்கும் ஃப்ரன்ட் மவுண்ட் நல்லதா, மேலேயே வைக்கும் பெரியது போதுமா?

டர்போ தாசன்:
ஃப்ரன்ட் மவுண்ட்தான், யோசிக்கவே வேண்டாம். எஞ்சின் சூட்டுக்கு எட்டாத இடத்தில் நேராகக் காற்று வாங்கும். டர்போ வண்டி பலதிலும் அப்படித்தானே இருக்கிறது? இன்னும் சொல்லப்போனால் மினியை விற்று, அந்த 900-ஐயும் சேர்த்து ஒரு டர்போ வண்டி வாங்கிவிடுங்கள் :)

ஸ்பேனர் சித்தப்பா:
தாசன் தம்பி அவர் கட்சியைச் சொல்லிவிட்டார், நான் என் கட்சியைச் சொல்கிறேன். 11 வருஷமாக 2004 ஆர்53 வைத்திருக்கிறேன். கழற்றாத போல்ட் இல்லை.

முதலில் ஃப்ரன்ட் மவுண்ட். இந்த எஞ்சினில் த்ராட்டில் (காற்றைத் திறந்து மூடும் கதவு) இருப்பது சூப்பர்சார்ஜருக்கு முன்னால். மிதித்ததும் சூப்பர்சார்ஜரிலிருந்து வால்வு வரைக்கும் உள்ள இடம் முழுவதையும் காற்று நிரப்பியாக வேண்டும். பம்பர் வரை போய்த் திரும்புகிற குழாயைப் போட்டால் அந்த இடம் பெருத்துவிடும். காலை வைத்ததும் எகிறுகிற குணத்துக்காகத்தானே இந்த வண்டியை வாங்குகிறோம்? அதைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வானேன். ட்ராக்கில் எஞ்சினை உச்சத்திலேயே வைத்து ஓட்டுபவர்களுக்கு அது சரி. 40 மைல் வேலைக்குப் போகிறவருக்கு மேலே வைப்பதே போதும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு திருத்தம். கீழேயிருந்து ஏறுவது பாதிக் கதைதான். இதில் இருப்பது ஈட்டன் எம்45, ரூட்ஸ் வகை. காற்றை அள்ளித் தள்ளும். அழுத்துகிற வேலையில் கெட்டிக்காரன் இல்லை. வெளியே 20 டிகிரி, பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) 0.8 பார், திறன் 55 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சூப்பர்சார்ஜரை விட்டு வரும் காற்று 110 டிகிரியைத் தாண்டுகிறது. சின்ன புல்லி போட்டு 1 பார் ஆக்கினால் 135 பக்கம். ஆகவே புல்லி என்பது சக்தி வாங்குகிற வேலை மட்டுமில்லை, சூடு வாங்குகிற வேலையும்கூட. இன்டர்கூலரைச் சரி செய்யாமல் புல்லியை மாற்றாதீர்கள் என்பது அதனால்தான். மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதி) 60 டிகிரியில் போகிற காற்றை 40-க்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் 6 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகும். அதைவிட முக்கியம், நாக் (பெட்ரோல் தன்னால் வெடித்து எஞ்சினைத் தட்டுவது) வருமோ என்று பயந்து கணினி தீப்பொறி விடும் நேரத்தைப் பின்னுக்கு இழுத்து சக்தியைக் குறைக்காது. நீங்கள் சொல்லும் "சத்தம் இருக்கிறது, இழுவை இல்லை" அநேகமாக அந்தக் கேஸ்தான்.

இப்போது என் மானம் போன கதை. ஏழு வருஷம் முன்னால் ஆன்லைனில் ஒரு மலிவு இன்டர்கூலர் வாங்கினேன். பார்க்க யானை மாதிரி. பொருத்தி ஓட்டினால் மேனிஃபோல்டு வெப்பம் பழையதைவிட 9 டிகிரி கூடுதல்! ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அப்புறம் வீட்டில் இருந்த குட்டிக்கூரா பவுடரை இன்டர்கூலர் மூடியின் விளிம்பைச் சுற்றித் தடவி, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து பார்த்தேன். ஸ்கூப் (பானெட்டில் காற்று நுழையும் வாய்) பக்கத்து சீலில் முன் விளிம்பில் மட்டும் வெள்ளைக் கோடு. பின்பக்கமும் இடது மூலையும் சுத்தமாக இருந்தன. அதாவது ஒட்டவே இல்லை, ஒரு விரல் இடைவெளி. ஸ்கூப் வழியே வந்த காற்று இன்டர்கூலருக்குள் போகாமல் சந்து வழியே நழுவிப் போயிருக்கிறது. காற்றும் நம்மைப் போலத்தான், சுலபமான வழி இருந்தால் கஷ்டமான வழியில் போகாது. மனைவியின் பழைய யோகா பாயைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டினேன். 14 டிகிரி இறங்கியது. (பாய் விஷயம் அவளுக்குத் தெரிந்தது தனிக்கதை.)

அதனால் காசை எடுப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஓபிடி டாங்கிள் (வண்டிக் கணினியின் எண்களைப் போனுக்கு அனுப்பும் கருவி) ஒன்றைச் சொருகி, போனில் இன்டேக் வெப்பத்தைப் பதிவு செய்யுங்கள். இந்த வண்டியில் எண்கள் மெதுவாகத்தான் வரும், பொறுமை வேண்டும். பவுடர் சோதனை செய்யுங்கள். இன்டர்கூலரைத் தூக்கி இரண்டு பக்கத்திலும் குழாயோடு இணைக்கும் ரப்பர் பூட்களையும் பாருங்கள். எண்ணெயில் ஊறி மடிப்புக்குள்ளேயே கிழியும், மேலேயிருந்து பார்த்தால் தெரியாது.

இன்னொன்று. 94,000 மைலில் சூப்பர்சார்ஜர் எண்ணெயை யாராவது மாற்றினார்களா? இந்த எஞ்சினில் தண்ணீர் பம்பைச் சுற்றுவதும் சூப்பர்சார்ஜரின் பின்பக்கத்துக் கியர்தான். அங்கே உள்ள எண்ணெய் ரொம்பக் கொஞ்சம்; வற்றினால் கியர் தேய்ந்து பம்ப் நின்றுவிடும். நான் கோயம்புத்தூர்க்காரன். பம்புக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு, தண்ணீர் பம்ப் போய் மோட்டார்வே ஓரத்தில் ஆவி பறக்க நின்றேன்.

பர்மிங்ஹாம் பெரியவர்:
சித்தப்பா சொன்னதில் சேர்க்க ஒன்றே ஒன்று. புல்லியோ இன்டர்கூலரோ ட்யூனோ எது செய்தாலும் இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு ஒரு இடி வாங்கினால், பணம் வராமல் போகலாம். என் மைத்துனனுக்கு நடந்தது.

கவென்ட்ரி மினி:
சித்தப்பா, சனிக்கிழமை உட்கார்ந்து எல்லாம் பார்த்துவிட்டேன். வெளியே 24 டிகிரி. மோட்டார்வேயில் 70-ல் போகும்போது மேனிஃபோல்டில் 38. நெரிசலில் பத்து நிமிஷம் நின்றபின் 67. திரும்ப ஓட ஆரம்பித்து 45-க்கு இறங்க மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. பவுடர் சோதனையில் வலது பக்கம் முழுக்க ஒட்டவில்லை. இடது பூட்டின் அடிப்பக்கத்தில் பிறை வடிவத்தில் கிழிசல், சுண்டுவிரல் நுழைகிறது. உள்ளே ஒரு ஸ்பூன் எண்ணெய் வேறு தேங்கியிருந்தது. சூப்பர்சார்ஜர் எண்ணெய் மாற்றியதாக எந்த ரசீதும் இல்லை.

அப்படியே ஒரு சந்தேகம். நண்பர் ஒருவர் பெரிய இன்டர்கூலர் போட்டதும் பூஸ்ட் 1 பிஎஸ்ஐ (சுமார் 0.07 பார்) குறைந்துவிட்டது என்று புலம்புகிறார். அது நஷ்டம்தானே?

ஸ்பேனர் சித்தப்பா:
நஷ்டமில்லை தம்பி, அவருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். இது டர்போ இல்லை. எம்45 ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அள்ளிப் போடும். கேஜில் தெரிவது அந்தக் காற்று எஞ்சினுக்குள் நுழைய முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிற அழுத்தம். காற்று குளிர்ந்தால் சுருங்கும், கேஜும் இறங்கும். வெப்பமும் சேர்ந்து குறைந்திருந்தால் லாபம்தான். வெப்பம் அப்படியே இருந்து பூஸ்ட் மட்டும் விழுந்திருந்தால் கசிவோ, உள்ளே அடைப்போ இருக்கும். அதைத் தேடச் சொல்லுங்கள்.

உங்கள் எண்களைப் பார்த்தால் 24-க்கு 38 என்பது குறை சொல்ல முடியாத அளவு. ஓட்டத்தில் பழைய இன்டர்கூலர் வேலை செய்கிறது. நின்றால் சூடு ஏறுவது எந்த மேல்வைப்பு இன்டர்கூலருக்கும் உள்ளதுதான்; பெரியது போட்டாலும் ஏறும், ஏறிய சூடு கனமான உலோகத்திலிருந்து இறங்க நேரமும் பிடிக்கும். உங்களுக்கு மெதுவாக இறங்குவதற்கு வலது பக்கத்துச் சந்துதான் காரணமாக இருக்கும். கிழிந்த பூட்டில் பூஸ்டும் போகிறது.

நானாக இருந்தால் இப்போதைக்கு 900-ல் இன்டர்கூலர் வாங்க மாட்டேன். இரண்டு பூட், சீல், உள்ளே எண்ணெய் கழுவ டீகிரீசர், அப்புறம் சூப்பர்சார்ஜரைக் கழற்றி இரண்டு பக்கமும் எண்ணெய், கூடவே தண்ணீர் பம்ப். புல்லி இறுக்கமாக ஏற்றியது, தனி புல்லர் இல்லாமல் வராது. சூப்பர்சார்ஜர் மேஜைமேல் இருக்கும் அன்றைக்கே 15 சதவீத புல்லியையும் மாற்றிவிடலாம், கூலி மிச்சம். ஆனால் மாற்றினால் குட்டையான பெல்ட், ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக், பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரையும் பார்ப்பது எல்லாம் சேர்ந்தே வரும். 99 ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும். இன்டர்கூலரும் ட்யூனும் அடுத்த வசந்தத்துக்கு. புல்லியை இப்போதே மாற்றினால் அதுவரை முழு மிதி வேண்டாம். மிதித்தே தீருவேன் என்றால் புல்லியையும் வசந்தத்திலேயே மாற்றுங்கள்.

ட்யூனுக்குப் போகும் நாளில் ஒன்றை மறக்காதீர்கள். டைனோ (வண்டியை உருளைமேல் ஓட்டி சக்தியை அளக்கும் இயந்திரம்) அறையில் பெரிய மின்விசிறி ரேடியேட்டரைப் பார்த்து ஊதும். உங்கள் இன்டர்கூலர் காற்று வாங்குவது பானெட் ஸ்கூப்பில். ஸ்கூப்புக்கு நேராக இன்னொரு விசிறி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் மூன்றாவது ஓட்டத்தில் 70 டிகிரியில் நின்றுகொண்டு ட்யூன் செய்வார்கள். முழு மிதியில் காற்று-பெட்ரோல் விகிதம் 12-ஐ ஒட்டி இருக்கட்டும். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கிறது என்றால் பெரிய இன்ஜெக்டர் இல்லாமல் மேலே போக வேண்டாம்.

கவென்ட்ரி மினி:
பூட்டும் சீலும் ஆர்டர் போட்டாயிற்று. புல்லியை வசந்தத்துக்கே தள்ளிவிட்டேன், என்னால் மிதிக்காமல் இருக்க முடியாது. யோகா பாய் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், சித்தப்பா?

ஸ்பேனர் சித்தப்பா:
ஆறு. வலது மூலையில் இரண்டு அடுக்கு. வீட்டில் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.