காப்பெற்றைக் கவிட்டுப் போட்டு ரேடியேற்றர் இழுக்கிறதாம்!

பழையவீட்டுக்காரன்:
நேற்று ஒரு வீடியோ பாத்தன். ஒருத்தர் சிரிச்சுக்கொண்டு சொல்லுறார், பழைய காப்பெற் துண்டை மெத்தெண்ட பக்கம் கீழ வரக் கவிட்டுப் போட்டு மேல வீட்டைச் சூடாக்கிற ரேடியேற்றரை ஏத்தி இழுங்கோ, புது ஓக் மர நிலத்தில கீறலே விழாது எண்டு. எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. ரொறொன்ரோ ரிவர்டேல் பக்கம் என்ர வீடு, நூறு வருசம் தாண்டினது, ஒன்பது வார்ப்பிரும்பு ரேடியேற்றர். போன வருசம் வேலைக்கு வந்த ஆக்கள் இதைத்தான் செய்தவை. காப்பெற்றுக்குள்ள கிடந்த மணல் நாலு அடி நீளத்துக்கு நிலத்தை அராவிப்போட்டுது.

தமிழ்ப்பெடி:
அண்ணை, மணல் கிடந்தா முதல் வக்யூம் பிடிக்கிறதுதானே? பிடிக்காதது அந்த ஆக்களின்ர பிழை, காப்பெற் என்ன செய்யும்? நான் மூண்டு ரேடியேற்றர் இப்பிடித்தான் இழுத்தனான், ஒரு கோடு இல்லை.

பழையவீட்டுக்காரன்:
வக்யூம் பிடிச்சா அடியில கிடக்கிற மணல் முழுக்க வருமோ? பத்து செக்சன், அதாவது வரிசையாப் பூட்டின பத்துத் துண்டு உள்ள உயரமான ரேடியேற்றர் 150 கிலோ தாண்டும். அந்தப் பாரத்துக்குக் கீழ ஒரு மணல் காணும். மணல் இருக்கிற காப்பெற் சான்ட் பேப்பர்தான், எழுதி வையுங்கோ.

மேப்பிள்இலை:
மரம் எவ்வளவு கடினம் எண்டு காட்டுற ஜங்கா அளவில ரெட் ஓக் 1290, ஹாட் மேப்பிள் 1450. எங்கட மேப்பிள், லேசில கீறாது.

பழையவீட்டுக்காரன்:
ஜங்கா எண்டா இரும்புக் குண்டை மரத்துக்குள்ள அமத்திப் பாக்கிற கணக்கு. கீறல் விழுறது மேல பூசின பொலியூரிதேன் எண்ட வார்னிசில. ஓக் எண்டா என்ன மேப்பிள் எண்டா என்ன, மணலுக்கு ரெண்டும் ஒண்டுதான்.

குழாய்க்காரன்:
ரேடியேற்றருக்குத் தண்ணி சூடாக்கிற பொயிலர் வேலை 22 வருசமா செய்யிறன். காப்பெற் சண்டையை விட்டுட்டு ரேடியேற்றருக்குள்ள நிக்கிற தண்ணியைப் பாருங்கோ. வடிச்சாச்சு எண்டு நினைச்சாலும் அடியில கறுப்புத் தண்ணி நிக்கும், ரெண்டு பக்க ஓட்டையையும் மூடி போட்டு இறுக்காமல் அசைக்கக்கூடாது. ஓக்கில டானின் எண்ட துவர்ப்புச் சத்து இருக்கு, இரும்புத் தண்ணி மரத்தில பட்டா மை ஊத்தின மாதிரிக் கறுக்கும், பிறகு ஒக்சாலிக் அசிட் போட்டுத்தான் எடுக்கவேணும். ரேடியேற்றரைக் கிடத்தவும் வேண்டாம், செக்சனுகளுக்கு நடுவில இருக்கிற நிப்பிள் எண்ட இணைப்பு இளகி ஒழுகத் தொடங்கும். முக்கால் இஞ்சி பிளைவூட் விரிச்சு, சில்லு வச்ச டொலியில பட்டி போட்டுக் கட்டி நிமித்தினபடியே தள்ளுங்கோ.

பழையவீட்டுக்காரன்:
பாத்தியளே? பிளைவூட்! காப்பெற் எண்டா அந்தக் கறுப்புத் தண்ணியையும் உறிஞ்சி வச்சு நிலத்தில தேய்க்கும். மணலும் தண்ணியும் சேர்ந்தா சொல்லவே தேவையில்லை.

தமிழ்ப்பெடி:
ஏன், பிளைவூட்டுக்குக் கீழ மணல் போகாதோ? அதுக்கு மட்டும் ஒரு காவல்காரன் நிக்கிறானோ?

பழையவீட்டுக்காரன்:
பிளைவூட் நகராது தம்பி!! காப்பெற் நகரும். நகர்ந்தாத்தான் கீறும். இதைக்கூட விளங்கப்படுத்தவேணுமோ?

தமிழ்ப்பெடி:
நகராதாம். டொலியைத் தள்ளேக்க பலகை வழுக்கிறதை நான் கண்ணால கண்டனான். டேப் ஒட்டுவியளோ, புதுப் பூச்சு உரிஞ்சு வரட்டும்.

பழையவீட்டுக்காரன்:
டேப் பலகைக்கும் பலகைக்கும் நடுவில, நிலத்தில இல்லை. ஸ்காபரோவில சூட்டுக் காத்து ஊதிற ஃபேர்னஸ் வச்ச, ரேடியேற்றரே இல்லாத வீட்டில இருந்துகொண்டு ரேடியேற்றரைப் பற்றிக் கதைச்சா இப்பிடித்தான் வரும்.

தமிழ்ப்பெடி:
என்ர வீட்டை ஏன் இழுக்கிறியள்? நான் இழுத்தது மாமாவின்ர ஈஸ்ட் யோர்க் வீட்டில. முந்தி இங்க கதைச்ச பொயிலர் மாத்திற கதையில நான் சொன்னது சரியா வந்ததில இருந்து உங்களுக்கு என்னில கோவம்.

பழையவீட்டுக்காரன்:
பொயிலர் கதையில நீர் சொன்னது எங்க சரியா வந்தது? நான் மறுமொழி போடேல்லை எண்டா நீர் வெண்டதோ?

ராணிஅக்கா:
தம்பிமாரே, ஓக் நிலத்துக்கு ஓயில் பொலியூரிதேன் அடிச்சு ஒன்பது நாள். வாற சனிக்கிழமை ரெண்டு ரேடியேற்றரை ஹோலுக்குக் கொண்டுவரலாமோ?

குழாய்க்காரன்:
அக்கா, காய்ஞ்ச மாதிரித் தெரியும், ஆனா முழுசா இறுக ஒரு மாசம் எடுக்கும். பொறுங்கோ. நிலம் போட முதலே கழட்டி வெளியில வச்சிருக்கவேணும், ஒருத்தரும் கேக்கிறதில்லை.

மேப்பிள்இலை:
தண்ணிப் பொலியூரிதேன் எண்டா கெதியா இறுகும். நான் அப்பவே சொன்னனான் அதைத்தான் அடிக்கச் சொல்லி.

குழாய்க்காரன்:
அக்கா கேட்டது ஓயிலைப் பற்றி.

தமிழ்ப்பெடி:
அக்கா, ஒரு மாசத்தால புதுக் காப்பெற் துண்டு வாங்கிக் கவிட்டுப் போடுங்கோ. புதுசில மணல் எங்கால வாறது?

பழையவீட்டுக்காரன்:
புதுக் காப்பெற்றோ? ரேடியேற்றருக்குள்ள நூறு வருசத்துத் துரு கிடக்கு, இழுக்கேக்க சுரண்டுப்பட்டு விழுந்து காப்பெற்றுக்குக் கீழ போகும். துருவும் மணல்தான். அக்கா, அந்தப் பெடி சொல்லுறதைக் கேட்டு நிலத்தைப் பழுதாக்காதேங்கோ. என்ர ஹோலில அந்த நாலு அடிக் கோடு இண்டைக்கும் கிடக்கு, வந்து பாருங்கோ.

தமிழ்ப்பெடி:
வக்யூம் பிடிச்சிருந்தா அந்தக் கோடு வந்திராது.