எங்க வீட்டு குரூப்பில் நேற்று சாயங்காலம்

கார்த்தி (3:52)
சம்பளம் வர்ற வரைக்கும் யாராச்சும் 20,000 ஜிபே பண்ண முடியுமா? 1ஆம் தேதி கட்டாயம் தந்துடுறேன்.

அம்மா (3:53)
என்னடா ஆச்சு? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

கார்த்தி (3:55)
அதெல்லாம் இல்லம்மா. ஷேர் மார்க்கெட்ல இன்னைக்கு நிஃப்டி எக்ஸ்பைரி, ஆப்ஷன் கெடு முடியற நாள். நிஃப்டி ஏறும்னு நம்பி கால் ஆப்ஷன் வாங்கினேன், ஏறினாத்தான் அதுல லாபம். அக்கவுண்ட்ல 40,000 இருந்துச்சு, 18,000 போயிடுச்சு. நாளைக்கு எடுத்துடலாம்.

சித்தப்பா (3:58)
கார்த்தி, பணம் இருக்கு. ஆனா தர மாட்டேன். "நாளைக்கு எடுத்துடலாம்"னு எழுதியிருக்க பாரு, அதுக்காகத்தான்.

சித்தப்பா (4:06)
யார்கிட்டயும் சொல்லாத விஷயம் இது. 2024 ஜூன் 3, எக்ஸிட் போல் வந்த அடுத்த திங்கட்கிழமை, நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு. நானும் கால் வாங்கி வச்சேன். மறுநாள் ஓட்டு எண்ண எண்ண இறங்குது. இவ்வளவு இறங்கினா வித்துடணும்னு வச்ச விலை, அதான் ஸ்டாப்லாஸ், அது பக்கத்துல வந்தப்பெல்லாம் அதைக் கீழ நகர்த்தினேன். மூணு தடவை. அப்புறம் போர்வெல் போட வச்சிருந்த பணத்தையும் உள்ள போட்டு, இறங்கின விலையில இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணேன். அன்னைக்கு நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்துச்சு. முதல் ஸ்டாப்லாஸ்லயே வெளிய வந்திருந்தா 9,000தான் போயிருக்கும். போனது 1,40,000.

சித்தி (4:08)
அன்னைக்கு வச்ச சோறு தட்டுலயே காஞ்சு கிடந்துச்சு. பல்லு வலின்னு சொன்னீங்க.

சித்தப்பா (4:09)
ஆமா. மன்னிச்சுக்கோ.

மீனா அக்கா (4:13)
கார்த்தி, 22,000 மறுபடி 40,000 ஆகணும்னா எவ்வளவு சதவீதம் லாபம் வேணும்னு பாத்தியா? 82 கிட்ட. விழுந்தது 45தான், ஏற வேண்டியது 82. ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபி கணக்குலயே 2021-22ல இருந்து மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ, அதான் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ், பண்ணின தனிநபர்கள்ல 100க்கு 93 பேருக்கு நஷ்டம். ஆளுக்கு சராசரியா 2 லட்சம்.

கார்த்தி (4:15)
அப்போ விட்டுட சொல்றீங்களா?

சித்தப்பா (4:21)
ஆப்ஷனை இப்போதைக்கு விடு. ஷேர்ல கத்துக்கோ. வாங்கறதுக்கு முன்னாடியே எவ்வளவு போனா வெளிய வரணும்னு முடிவு பண்ணு. 1 லட்சம் வச்சிருக்கன்னா ஒரு டிரேடுல 1,000க்கு மேல போகக் கூடாது. ஷேர் 500, ஸ்டாப்லாஸ் 490ன்னா ஒரு ஷேருக்கு 10 ரூபா, அப்போ 100 ஷேர்தான். ஆசைக்கு 200 வாங்காத. காலையில பெரிய கேப்டவுன்ல, அதாவது முந்தின நாள் விலையை விட ரொம்பக் கீழ, திறந்தா 490ல விக்காது, இன்னும் கீழதான் போகும். அதனாலயும் அளவு சின்னதா இருக்கணும். வாங்கினப்புறம் ஸ்டாப்லாஸைக் கீழ இறக்கவே கூடாது. ஒரே நாள்ல ரெண்டு தடவை ஸ்டாப்லாஸ் அடிச்சா அன்னைக்கு ஆப்பை மூடிடு. கோவத்துல போடற மூணாவது ஆர்டர்தான்டா குடியைக் கெடுக்கும்.

அம்மா (4:23)
தங்கச்சி ஃபீஸ் பணத்தைத் தொட்டியாடா?

கார்த்தி (4:24)
இல்லம்மா. சத்தியமா இல்ல.

மீனா அக்கா (4:26)
ஒரு நோட்டுல இன்னைக்கு டிரேடை எழுது. எதுக்கு வாங்கின, எங்க விக்கறதா இருந்த, அப்போ மனசு எப்படி இருந்துச்சு.

கார்த்தி (4:41)
எழுதினேன்க்கா.
எதுக்கு வாங்கினேன்: டெலிகிராம் குரூப்புல சொன்னாங்க.
எங்க விக்கறது: யோசிக்கவே இல்ல.
மனசு: 11 மணிக்கு 4,000 போனப்பவே கை நடுங்குச்சு. அப்பவும் விக்கல.

சித்தப்பா (4:43)
11 மணிக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமேடா. நாளைக்கு ஆர்டர் எதுவும் போடாத. ராத்திரி 8 மணிக்கு அந்த நோட்டை எடுத்துட்டு வீட்டுக்கு வா. நானும் ஜூன் 4ஐ உக்காந்து எழுதறேன்.

சித்தி (4:44)
ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு எழுதுங்க. அடை ஊத்தறேன்.