ஆற்று மணலில் பொன் அரிக்க, குறைந்த செலவில் என்னென்ன வேண்டும்?

கேள்வி: தட்டு, மண்வெட்டி தவிர வேறு ஏதாவது வாங்கணுமா? மணலோடு பொன்னும் போய்விடாமல் அலசுவது எப்படி?

பதில் 1: 14 அங்குல பிளாஸ்டிக் தட்டு, ஒரு பக்கம் வரிப்பள்ளம் உள்ளதாக. கூடவே அரை அங்குலக் கண் சல்லடை, பொன் துகளை நீரோடு எடுக்க உறிஞ்சும் குப்பி, இரும்புச் சத்துள்ள கருமணலைப் பிரிக்கக் காந்தம். இவ்வளவு போதும். இரும்புத் தட்டு வேண்டாம், காந்தம் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்தவே முடியாது.

புதுத் தட்டை முதலில் சோப்பு போட்டு நன்றாகத் தேயுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பொடிப்பொன் நீரில் மிதந்து ஓடிவிடும்.

சலித்த மணலைத் தட்டில் முக்கால் அளவு நிரப்பி, நீருக்குள் வைத்துக் களிமண்ணைக் கையால் கரைத்துவிடுங்கள். பிறகு மட்டமாகப் பிடித்து இடவலமாக வேகமாகக் குலுக்குங்கள். பொன்னின் அடர்த்தி நீரைப்போல் 19.3 மடங்கு, சாதாரண மணலுக்கு 2.65 மடங்குதான். குலுக்கினால் பொன் தானே அடியில் இறங்கும். அதன்பின் பள்ளம் உள்ள பக்கத்தைச் சாய்த்து மேல்மணலை அலசிவிடுங்கள். நாலைந்து அலசலுக்கு ஒருமுறை மறுபடி குலுக்கணும். பலர் பொன்னை இழப்பது இதை விடுவதால்தான்.

பதில் 2: ஆற்றுக்குப் போகுமுன் பத்து ஈயக் குண்டுமணிகளைத் தட்டி தட்டையாக்கி, மணலில் கலந்து, தொட்டிக்குள் அலசிப் பாருங்கள். பத்தும் மிஞ்சும்வரை பழகுங்கள். ஈயம் பொன்னைவிட லேசு, அது தங்கினால் பொன்னும் தங்கும். முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

பதில் 3: வளைவின் உட்கரை, பெரும்பாறையின் கீழ்நீர்ப்புறம், அடிப்பாறை வெடிப்பு, இங்கே தோண்டுங்கள். தட்டில் மின்னுவது நிழலில் மங்கினால் அது அப்பிரகம் (மைக்கா). பொன் நிழலிலும் மஞ்சளாகவே தெரியும். அந்த இடத்தில் அரிக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பொன்னைப் பிரிக்கச் சிலர் பயன்படுத்தும் பாதரசம் நச்சு, அதைத் தொடவே வேண்டாம்.