பஷ்தூன், பக்தூன், பட்டாணியர்: எதைக் கொள்வது?

வணக்கம்.

ஐயா, ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வாழும், பஷ்தோ மொழி பேசும் மக்களைத் தமிழில் எந்தப் பெயரால் எழுதுவது என்பதற்கு நீங்கள் சொன்ன ‘ஆப்கானியர்’ பொருந்தாது என்றே நினைக்கிறேன். பழைய பாரசீக நூல்களில் அந்தப் பெயர் பஷ்தூன்களைத்தான் குறித்தது, சரி. ஆனால் ஆப்கானிஸ்தானின் 2004 அரசியல் சட்டம் குடிமக்கள் எல்லாரையும் ஆப்கானியர் என்றது. பஷ்தூன், தாஜிக், ஹசாரா, உஸ்பெக் என்று இனங்களைத் தனியே அடுக்கியது. 2018இல் மின்னணு அடையாள அட்டையில் ‘ஆப்கான்’ என்று அச்சிட்டதைத் தாஜிக் தலைவர்கள் எதிர்த்தார்கள். அப்புறம், ஆப்கானிஸ்தானுக்கும் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் எல்லையாக 1893இல் போட்ட டூரண்ட் கோட்டுக்கு இந்தப் பக்கம், பாகிஸ்தானில் வாழும் பஷ்தூன்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களை எப்படி ஆப்கானியர் என்று எழுதுவது?

‘பட்டாணியர்’ நமக்குப் பழகிய சொல். அவர்களுடைய பன்மைப் பெயரான ‘பஷ்தானா’, ‘பக்தானா’ இந்துஸ்தானியில் திரிந்து ‘பட்டான்’ ஆகி நம்மிடம் வந்தது என்பார்கள். இந்தியாவில் குடியேறிய அவர்களின் வழித்தோன்றல்களுக்கு அதுவே இருக்கட்டும். எல்லை காந்தி கான் அப்துல் கபார் கானும் தோழர்களும் 1947 ஜூனில் வடமேற்கு எல்லைப்புறத்துப் பன்னு நகரில் கேட்டது ‘பஷ்தூனிஸ்தான்’ என்ற தனி நாடு; இங்கே அதைப் ‘பட்டாணிஸ்தான்’ என்று பேசினார்கள். தங்கள் நாட்டுக்கு அவர்களே வைத்த பெயரை நாம் மாற்றிச் சொன்னது எனக்கு உறுத்துகிறது.

மிச்சம் இருப்பது பஷ்தூனா பக்தூனா என்பதுதான். பஷ்தோ எழுத்தில் இரண்டும் ஒன்று, ‘ஷ்’ அல்லது ‘க்’ என்று ஒலிக்கும் எழுத்தைச் சொல்வதில்தான் வேறுபாடு. அரபு ‘சீன்’ எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி வைத்தால் வரும் பஷ்தோ எழுத்து அது. கந்தகாரில் அதை நாக்கை மடித்து ‘ஷ’ போலச் சொல்வார்கள். பெஷாவரில் தொண்டையிலிருந்து ‘க’ போல வரும். நமக்கு ‘பஷ்தூன்’ மேல். ‘பக்தூன்’ என்று தமிழில் எழுதினால் ‘பக்தன்’ போல வாசித்துவிடுவோம், அந்தத் தொண்டை ஒலி வராது. ஆனால் பாகிஸ்தானின் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்துக்கு 2010இல் வைத்த பெயரைக் கைபர் பக்துன்குவா என்றே எழுத வேண்டும். அந்த ஊர்க்காரர்களின் உச்சரிப்பு அது.

பன்மைக்குப் ‘பஷ்தூன்கள்’ போதும். ‘பஷ்தூனியர்’ வேண்டாம், இந்தியர், ரஷ்யர் மாதிரி ஏதோ ஒரு நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகத் தோன்றும். மொழியைப் ‘பஷ்தோ’ என்று ஓகாரத்தோடு எழுதலாம், அவர்கள் வாயில் வருவது அதுதான்.